சிரிக்கக் கூடாத படம்

என் மகளைப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முகத்தை மட்டும் எடுப்பார்களாம். அக்கா அதைக் கேட்டதும் பீரோவைத் திறந்துவிட்டாள்.

பத்து மாதக் குழந்தை. ஆறு கிலோ தேறவில்லை. ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைக் கவுன் இன்னமும் தொளதொளவென்று இருந்தது. அதை மாட்டினாள். முகம் முழுக்கப் பவுடர். கண்ணுக்கு மை. மை கண்ணோடு நிற்கவில்லை, காதுவரை போகப் பார்த்தது. கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. நாங்கள் மாதா கோயில் குடும்பம், பொட்டு வைக்க மாட்டோம். குழந்தை கன்னத்தில் வைப்பது பொட்டு இல்லையாம், பாதுகாப்பாம். எங்கள் வீட்டில் இப்படிச் சில ஏற்பாடுகள் உண்டு. எல்லாம் செய்வோம், பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை. எட்டாவதுவரை படிப்பு. அதற்குமேல் என்னைப் படிக்கவைக்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பில்லை. ஆவடி பக்கம் காலனியில் வீடு. என் பெண்சாதி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள், பிள்ளை உண்டாகி மூன்று மாதத்தில் விட்டுவிட்டாள். அக்கா புருஷன் செத்த பிறகு எங்களோடு இருக்கிறாள். எங்களோடு என்பது அவள் சொல்வது. உண்மையில் நாங்கள்தான் அவளோடு இருந்தோம்.

குழந்தை பிறந்ததிலிருந்தே சின்னது. பால் உறிஞ்சத் தெரியவில்லை. தலையும் சின்னது. சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். தடுப்பூசி போடும் இடத்தில் நர்ஸம்மா குழந்தையின் வாயையே பார்த்தாள். இந்தக் குழந்தைக்கு மேலுதடு கோடு போட்ட மாதிரி மெல்லிசு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் எல்லாருக்கும் ஒரு சின்னப் பள்ளம் ஓடும், இதற்கு அது இல்லை. வழவழவென்று இருந்தது.

இந்த உதடு யாருடையது என்று இரண்டு வீட்டிலும் பத்து மாதமாகப் பஞ்சாயத்து. குத்தம்பாக்கத்தில் மாமியார் வீட்டில், "இது உங்க சைடு" என்றார்கள். அக்கா செத்துப்போன அப்பாவின் போட்டோவைக் கழற்றி வந்து காட்டி, "எங்கப்பா உதட்ட பாருங்க, உதடுனா அது உதடு" என்றாள். அப்பாவின் உதட்டை மீசை மூடியிருந்தது. பஞ்சாயத்து தீரவில்லை.

நர்ஸம்மா டாக்டருக்கு எழுதினாள். அந்த டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதினார். அப்படித்தான் பூந்தமல்லி பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நாலு பக்கத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். நாலு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

படம் எடுக்கும் அறையில் மூன்று கேமரா. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ள மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட்டில் இருப்பவர். கழுத்தில் அட்டை தொங்கிற்று. குழந்தையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, என்ன இது, டான்ஸ் புரோகிராமா? மையைத் தொடைங்க. கண்ணோட ஓரம் எங்கன்னு மெஷினுக்குத் தெரியணும்."

"தொடச்சா கண்ணு சின்னதா தெரியுமே" என்றாள் அக்கா.

"சின்னதா இருக்கான்னு பாக்கத்தான் கூப்பிட்டிருக்கோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேமராவைப் பார்த்தேன். பெண்சாதி தேங்காய் எண்ணெய் தொட்டு மையைத் துடைத்தாள். பவுடர் போயிற்று. பொட்டும் போயிற்று. குழந்தை முகம் காலியாக வெளியே வந்தது.

அந்த ஆள் கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை முகத்தைக் காட்டினார். முகம் முழுக்கப் புள்ளி. கண்ணின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் எத்தனை மில்லிமீட்டர், உதடு எவ்வளவு தடிப்பு, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மெஷின் சொல்லுமாம். இது எனக்குப் புரிகிற பாஷை. இருபது வருஷமாக வெர்னியர் அளவுகோல் பிடித்த கை.

"எத வெச்சி அளக்குறீங்க? மாஸ்டர் பீஸ் எங்க கீது?" என்றேன். பட்டறையில் சரியான அளவுக்குச் செய்து வைத்திருக்கும் துண்டு அது, மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் அளப்போம்.

அவருக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. "நல்ல கேள்விண்ணே. மெஷின் படிச்சது பூரா வெளிநாட்டுக் குழந்தைங்க முகம். நம்ம ஊர் முகத்த இப்பத்தான் சேத்துக்கிட்டிருக்கோம்."

வெள்ளைக்காரக் குழந்தையின் கண்ணை வைத்து ஆவடிக் குழந்தையின் கண்ணை அளக்கிறார்கள். எங்கள் பட்டறையில் ஒரு இரும்பு புஷ்ஷை இப்படி அளந்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள்.

பிறகு டாக்டரம்மா வந்தாள். வயசானவள். சுற்றி வளைக்கவில்லை. "வயித்துல இருக்கறப்போ மது உள்ள போனா குழந்தை முகத்துல சில இடத்துல தெரியும். அது இருக்கான்னு பாக்கத்தான் இந்தப் படம். ஃபார்ம்ல போட்டிருந்துச்சே, படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றேன்.

அவளைப் பார்க்காமல் கேமராவின் காலைப் பார்த்தேன். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பெண்சாதி மடியில் குழந்தை. வாய் மூடியிருக்க வேண்டும், அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிரித்தால் உதடு இழுத்துக்கொள்ளும், பள்ளம் இருந்தாலும் தட்டையாகிவிடும், அளவு தப்பாக வரும். இதுவரை குழந்தையைச் சிரிக்கவைக்கக் கிலுகிலுப்பை ஆட்டுகிற போட்டோக்காரனைத்தான் பார்த்திருக்கிறேன். சிரிக்காதே என்று பத்து மாதக் குழந்தையிடம் கெஞ்சுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் குழந்தை லேசில் சிரிக்காது. அக்கா தலைகீழாக நின்றாலும் சிரிக்காது. என்னைப் பார்த்தால் மட்டும் சிரிக்கும். காரணம் தெரியவில்லை. சிரிக்கிற மூஞ்சி இல்லை என்னுடையது. கேமரா நிமிர்ந்ததும் குழந்தை என்னைப் பார்த்தது, சிரித்தது. இன்னொரு தடவை. மறுபடியும் சிரித்தது.

"அண்ணே, உங்களாலதான். கொஞ்சம் திரைக்குப் பின்னால நில்லுங்க" என்றார் மதுரைக்காரர்.

மூலையில் கறுப்புத் திரை தொங்கிற்று. அதற்குப் பின்னால் ஒரு உடைந்த ஸ்டூல், ஒரு துடைப்பம், நான்.

அங்கிருந்து எல்லாம் கேட்டது. ஒரு படம் கிடைத்துவிட்டது. அந்த ஆள் புள்ளி வைத்தார். டாக்டரம்மா குனிந்து பார்த்துச் சொன்னாள். உதடு மெல்லிசு. பள்ளம் இல்லை. கண்ணின் நீளம்தான் இரண்டும்கெட்டான். மெஷின் கணக்குப்படி எல்லைக் கோட்டின்மேல் நிற்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது, இன்னொரு படம் எடுங்கள் என்றாள். குழந்தை சிணுங்கிற்று. அது அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் டாக்டரம்மா என் பெண்சாதியிடம் கேட்டாள். "படம் பாதிதாம்மா சொல்லும். மீதிய நீதான் சொல்லணும். மாசமா இருந்தப்போ ஏதாவது குடிச்சியா? பீர், பிராந்தி, எதுவானாலும் சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

"மாதா சத்தியமா இல்ல டாக்டர்."

"இன்னா டாக்டர் இப்டி கேக்குறீங்க?" அக்காவின் குரல் எகிறிற்று. "எங்க ஊட்டு பொம்பளைங்க அப்டி இல்ல."

டாக்டரம்மா அக்காவின் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்திருக்க வேண்டும். "வீட்டுல வைன் போடுவீங்களா?"

"அது கிறிஸ்மஸுக்கு. அது குடி இல்ல டாக்டர். இவளுக்கு ரத்தம் கம்மின்னாங்க, அதனால காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் குடுத்தேன். கறுப்பு திராட்சை. ரத்தம் ஊறும்ல?"

இங்கே நான் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளை இல்லை. நான் குடிப்பேன். தினமும். பெரிதாகக் கலாட்டா எதுவும் கிடையாது, குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். பெண்சாதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அக்கா என்னை மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் மண்டியிடவைத்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், இனிமேல் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒருநாள்கூடக் கடை வாசலை மிதிக்கவில்லை. பட்டறையில் பக்கத்து மெஷின்காரன் எனக்காக மிதித்தான்.

வாங்கிய பிராந்தியை எங்கே வைப்பது? அக்கா அரிசிப் பானையைக்கூட விடாமல் துழாவுகிறவள். வாய் நாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் அவள் சந்தேகப்படாத இடம் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய வைன் ஜாடி. பெரிய பீங்கான் ஜாடி, வருஷம் முழுக்கக் காலியாக விடமாட்டாள், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வீடே அந்த வாசனைதான். எனக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை டம்ளர் அனுமதி உண்டு, ஏனென்றால் அது குடி இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போவாள். பெண்சாதி மாடியில் துணி எடுப்பாள். நான் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்ததை ஜாடியில் ஊற்றிவிட்டுத் துணியைக் கட்டிவிடுவேன். அக்கா திரும்பி வந்து தன் கையாலேயே எனக்கு அரை டம்ளர் மொண்டு தருவாள். என் சரக்கை எனக்கே ஜெபம் சொல்லி ஊற்றிக் கொடுத்தாள். இதைவிட நல்ல ஒளிவிடம் ஆவடியில் கிடையாது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அதே ஜாடியிலிருந்துதான் பெண்சாதிக்கு இரண்டு டம்ளர்.

"அண்ணி, இது எரியுது" என்றாள் ஒருநாள்.

"கிராம்பு. இந்த வாட்டி நல்லா எறங்கிகீது. ஒரே மூச்சுல முழுங்கு" என்றாள் அக்கா.

நான் யோசிக்கவில்லை என்று எழுதலாம். அப்படி எழுதினால் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். யோசித்தேன். பெரிய ஜாடி, கலந்துபோகும், இவ்வளவு பேர் குடிக்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று யோசித்தேன். அவள் டம்ளரைக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். தூக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்றுகூட யோசித்தேன். யோசிப்பதில் குறை வைக்கவில்லை. ஒன்பது மாதம்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்டை மந்திரிக்க வந்த கோயில் சாமியார் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "போன வருஷத்தைவிடப் பிரமாதம்" என்றார். அக்கா அதைக் காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

திரைக்கு வருகிறேன்.

டாக்டரம்மா வைனுக்கு என்னென்ன போடுவீர்கள், எத்தனை நாள் ஊறும் என்று கேட்டாள். அக்கா கோதுமை, பட்டை, கிராம்பு என்று பெருமையாகச் சொன்னாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"பாருங்க, மாசமா இருக்கறவளுக்கு அது ஒரு சொட்டுகூடக் குடுத்திருக்கக் கூடாது. ஆனா நீங்க சொல்றது லேசான வைன். அந்தக் கணக்குக்கும் இந்த முகத்துக்கும் ஒத்துப்போகல. எனக்குச் சந்தேகம் இருக்கு. கண்ணு அளவும் எல்லையில நிக்குது. வேற காரணமான்னு பாக்கணும்னா ரத்தம் எடுக்கணும், பரம்பரை டெஸ்டுக்கு அனுப்பணும், அது வர மாசக்கணக்காகும். மதுதான் காரணம்னு தெரிஞ்சா நாளைக்கே பயிற்சிய ஆரம்பிச்சிடலாம். மூளை வளர்ற வயசு. சும்மா காத்திருந்தா போன மாசம் திரும்ப வராது."

பிறகு அக்கா பேசினாள், மெதுவாக. அக்கா மெதுவாகப் பேசினால் பயப்பட வேண்டும்.

"ஏம்மே, கம்பெனி பொண்ணுங்க பீரு குடிக்குதுங்கன்னு கேள்விப்பட்டேன். நீ மூணு மாசம் வரிக்கும் வேலைக்கு போய்கினு இருந்த. உண்மைய சொல்லிடு. கொழந்த வாழ்க்கை."

"நீங்க குடுத்தத தவிர நான் எதையும் வாயில வெக்கல அண்ணி."

"அப்போ இது எங்கேந்து வந்துது?"

"எனக்கு இன்னா தெரியும்? நீங்க குடுத்தது எரிஞ்சிது. அப்பவே சொன்னேன்."

"நான் குடுத்ததுல கொற சொல்லாத. சாமியாரே குடிச்சாரு."

என் பெண்சாதி அழுகிறவள் இல்லை. திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் பட்ட விரலைக் குழந்தையின் கவுனில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

கோயிலிலும் இப்படித்தான். பாவசங்கீர்த்தனம் சொல்லும்போது நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். அந்தப் பக்கம் சாமியார், முகம் தெரியாது, குரல் மட்டும் போகும். சத்தியத்தை மீறிக் குடித்தேன் என்று அங்கே ஏற்கெனவே சொல்லிவிட்டேன். 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜாடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"டாக்டர்" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து. "அது லேசான வைன் இல்ல. அதுல பிராந்தி கீது. நான்தான் ஊத்துனேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தை சிரித்தது. என் குரல் கேட்டால் போதும் அதற்கு.

"அண்ணே, பேசாதீங்க, சிரிக்குது, படம்..." என்றார் மதுரைக்காரர். பாவம், அவர் வேலை அவருக்கு.

"சிரிக்கட்டும்" என்றாள் டாக்டரம்மா. "நீங்க பேசுங்க. எவ்வளவு?"

"ஒரு குவார்ட்டர். சில நாள் ரெண்டு."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம இல்ல. பட்டறை லீவு."

"எத்தனை மாசம்?"

"முழுசும்."

பேனா மறுபடி ஓடிற்று. குழந்தை ஒவ்வொரு பதிலுக்கும் சிரித்தது. என் வாழ்க்கையில் நான் பேசியதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அது ஒன்றுதான்.

அக்கா கடைசியாக வாயைத் திறந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ சாமியார் பிரமாதம்னு சொன்னது... அது என் வைன் இல்லியாடா?"

"இல்லக்கா."

அதற்குப் பிறகு அவள் அன்று பேசவில்லை. எதற்காகப் பேசவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழந்தைக்காகவா, வைனுக்காகவா? இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இது சரியாகிப் போய்விடுகிற வியாதி இல்லை, முகம் பெரிசானால் கொஞ்சம் மாறலாம், உள்ளே ஆனது ஆனதுதான், ஆனால் இப்போதே ஆரம்பித்தால் உட்காரவைக்கலாம், நடக்கவைக்கலாம், பேசவைக்கலாம் என்றாள். முன்பு சொல்லியிருந்தால் இன்னும் நல்லது என்று அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கேட்டது.

"இனிமே இன்னா பண்ணணும் டாக்டர்?" என்றாள் பெண்சாதி. அவ்வளவுதான். அன்று அவள் கேட்டது அந்த ஒரு கேள்வி.

இரண்டாவது படமும் எடுத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். குழந்தை சிரிக்கவில்லை. நல்ல படம்.

ஆக, உதட்டுப் பஞ்சாயத்து அன்றைக்குத் தீர்ந்தது. அது எங்கள் வீட்டிலிருந்தும் வரவில்லை, குத்தம்பாக்கத்திலிருந்தும் வரவில்லை. கடையிலிருந்து வந்தது. நான் மிதிக்காத கடை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் பெண்சாதி குழந்தையை என்னிடம் நீட்டினாள். "புடி. இனிமே நீயே தூக்கிகினு வா" என்றாள். அவள் சொன்னது அந்த ஒருநாள் பஸ்ஸுக்கு இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நான்தான் போகிறேன். ஒரு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே கற்றுக்கொடுப்பதை வீட்டில் நான்தான் செய்கிறேன். ஸ்பூனை எங்கே வைத்தால் உதடு மூடும், எந்தச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடும், அதற்கு முன்னால் எப்படி அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாம் எனக்குத் தெரியும். மில்லிமீட்டர் கணக்கு வேலை. பழகிவிட்டது. அப்புறம் குடிக்கவில்லை. இதை எழுதினால் யாரும் கைதட்ட வேண்டாம். குடிக்காமல் இருக்க வேண்டியிருந்தது அந்த ஒன்பது மாதம். அதில் நான் குடித்தேன்.

ஜாடியில் இப்போது மாங்காய் ஊறுகாய் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு அக்கா கேக் மட்டும் கொடுக்கிறாள். சாமியார் கேட்டார். "திராட்சை சரியில்ல சாமி" என்றாளாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் பெயரையும் காப்பாற்றிக்கொண்டாள்.

மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. நடக்கிறாள், கொஞ்சம் சாய்ந்து. நாலைந்து வார்த்தை வரும். காலனியில் இந்தக் குழந்தைக்கு ஏன் இப்படி என்று கேட்பார்கள். முன்பெல்லாம் எல்லாரும் பெண்சாதியைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவள் தலையை என் பக்கம் திருப்புவாள். நான் சொல்வேன். இரண்டு தடவை சொன்னால் மூன்றாம் தடவை கேட்க மாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் முகங்கள் இப்போது மெஷினில் நிறையச் சேர்ந்துவிட்டதாம். அதில் என் மகளும் ஒன்று. இனிமேல் வருகிற குழந்தைகளை அவளையும் வைத்து அளப்பார்கள். மாஸ்டர் பீஸ்.

அவள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். அதனால் மதுரைக்காரர் சொல்வதற்கு முன்பே நான் மூலைக்குப் போய்விடுவேன். ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். துடைப்பம் இருக்கிறது. திரையை இழுத்து மூடுவது என் பெண்சாதி. இடைவெளி இல்லாமல் மூடுவாள். படம் எடுத்து முடிந்ததும் திறப்பதும் அவள்தான்.

திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள்.